பாவாயி காட்டில் லித்துவேனியப் பேச்சு

வெங்கச்சிக்காட்டில், பாவாயியின் மூன்று ஏக்கரில், ஏழாவது துளையில், ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடியில், தண்ணீருக்குப் பதிலாகப் பேச்சு வந்தது.

ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். துளை போடுவது என் வேலை, உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை. நாற்பது வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறி, ராஜஸ்தானில் மணலையும் பீகாரில் சேற்றையும் ஆப்பிரிக்காவில் பெயர் தெரியாத செம்மண்ணையும் குடைந்திருக்கிறேன். குழாய் வழியே புகை வந்திருக்கிறது, வெந்நீர் வந்திருக்கிறது, ஒருமுறை ஒரு மரக்கரண்டி வந்திருக்கிறது. பேச்சு வந்ததில்லை. இப்போது வந்தது. அவ்வளவுதான்.

அன்று ஐம்பத்தேழாவது ராடு இறங்கி முடிந்திருந்தது, கம்பிரஸரை நிறுத்தியிருந்தோம், கல்மாவு பறந்து வேப்பமரமும் ரிக் வண்டியும் கூடி நின்ற சனமும் வெள்ளை பூசியதுபோல் நின்றன, பாவாயி கற்பூரத் தட்டோடு அசையாமல் இருந்தாள், நான் இதுவும் வறட்டுத் துளைதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கேசிங் குழாய்க்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், அடுத்த வீட்டிலிருந்து பால் பொங்கிவிட்டதா என்று கேட்கிற மாதிரி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், என்னவோ சொன்னது.

நீரோட்டம் பார்த்துச் சொன்ன சென்னிமலையானைத் திரும்பிப் பார்த்தேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக் காடு முழுக்க நடந்து, அது எழுந்து நின்ற இடத்தில் கல் வைத்தவன் அவன்.

"தேங்கா எந்திரிச்சுதுங்," என்றான். "எதுக்கு எந்திரிச்சுதுன்னு அது சொல்லுலீங்களே."

குரல் மறுபடியும் கூப்பிட்டது. "லாபஸ்?" பாவாயி மட்டும், ஒருத்தர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடுவது வழக்கம்தானே என்பதுபோல், குழாய் வாயில் குனிந்து, "லாபஸுங்க," என்றாள்.

குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தது. அளந்து வைத்ததுபோல் ஒரே ஒரு குடம். அவள் இன்னொரு தடவை சொன்னாள். வரவில்லை. சென்னிமலையான் சொன்னான். அவனுக்கு ஒரு குடம். நான் சொன்னேன். எனக்கும் ஒன்று. சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு வந்த குழந்தை முதல் பல் போன கிழம் வரை முந்நூறு பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு லாபஸ் சொல்லி ஆளுக்கொரு குடம் வாங்கிப் போனார்கள். அதன் பிறகு யார் சொன்னாலும் வரவில்லை. ஒரு வாய்க்கு ஒரு சொல் ஒரு தடவைதான் செல்லும். அதுதான் சட்டம். யார் போட்டது என்றும் கேட்காதீர்கள்.

பாவாயிக்கு ஒரு குடம் போதாது. அதைச் சொல்லவேண்டும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. புருஷன் போய் இருபது வருஷம் தனியாகக் காடு பார்த்தாள், தனியாக மொபெட் ஓட்டினாள், மோட்டார் ரிப்பேர் ஆனால் தானே கழற்றி மாட்டினாள். ஆறு துளை வறண்டுபோயிற்று. ராசிபுரத்திலிருக்கும் அவள் அண்ணன் மாரப்பன் கெட்டவன் இல்லை. தங்கச்சி மேல் உயிர். அந்த உயிர்தான் தொல்லை. ஏழாவதும் பொய்த்தால் காட்டைக் குத்தகைக்கு விட்டு தன் வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். நடுவதற்கு வெட்டிக் கட்டிய மரவள்ளிக் குச்சிகள் வேப்பமர நிழலில் அடுக்கியிருந்தன. ஒரு மாசம் தாங்கும். அதற்குள் காடு நனைந்து குச்சி மண்ணுக்குள் போகவேண்டும். இல்லையென்றால் அண்ணன் வீடு.

"போனா என்ன அம்மிணி? ராணி மாதிரி வெச்சுக்குவான்," என்றேன் நான்.

"அங்க எனக்கு ஒரு வேலையும் இருக்காதுங் டிரில்லரண்ணா," என்றாள். "சோறு மட்டும் இருக்கும்."

நான் குச்சிக் கட்டை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

அது என்ன பாஷை என்று கண்டுபிடித்தது எங்கள் ஊர் தம்பிராசு. லாரி டிரைவர். எங்கள் பக்கத்து ஆட்கள் லாரி ஓட்டாத தேசம் இல்லை. அவன் கடல் தாண்டிப் போய் லித்துவேனியாவில் கன்டெய்னர் இழுத்துக்கொண்டிருந்தான். குரலைப் பதிவு செய்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டதும் அவன் பதில் அனுப்பினான். பின்னால் காற்று ஊளையிட்டது.

"ஏனுங், இது இந்த ஊர்ப் பேச்சுங்! என்ற கம்பெனில லோடு பிரிச்சுக் கொடுக்கற அம்மா இப்பிடித்தான் பேசும். இங்க மைனஸ் பன்னெண்டுங், வாய் தொறக்க முடியல. நம்மூர்ல எப்பிடிங்?"

"போர்வெல்லுல வருது," என்றோம்.

"அப்பிடிங்களா," என்றான். லாரி டிரைவர்கள் எதற்கும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

முதலில் அவனிடமே படித்தோம். அவனுக்குத் தெரிந்தது இருபத்திரண்டு சொல். டீசல், பிரேக், வேகமாக, பின்னால் எடு, கையெழுத்துப் போடு. மீதி திட்டு. ஊரே குழாயைச் சுற்றி நின்று அந்த இருபத்திரண்டையும் சொல்லிற்று. தண்ணீர் வந்தது, ஆனால் டீசல் வாடை. வேகமாக என்று சொன்னவர்களுக்குக் குடத்தையே தட்டிவிட்டுப் போகிற வேகத்தில் வந்தது. பின்னால் எடு என்று சொன்னவர்களுக்கு வந்தது திரும்ப உள்ளே போயிற்று. "ருபூஷே" என்று ஒரு திட்டு, தேரை என்று அர்த்தமாம், மளிகைக்கடை முத்தாயம்மாள் அதை ஆசையாகச் சொன்னாள், கலங்கல் தண்ணீர் ஒரு குடமும் அதில் ஒரு தேரையும் வந்தன. கீழே குரல் வெகுநேரம் சிரித்தது. அன்று முதல் முத்தாயம்மாள் கடன் கேட்டு வருகிறவனை எல்லாம் ருபூஷே என்றுதான் கூப்பிடுகிறாள். அவன்களும் என்ன அத்தை என்கிறான்கள்.

அப்புறம் செல்போன். உலகத்துப் பாஷையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் இலவச ஆப்களைத் தேடினார்கள். நார்வே இருந்தது, பின்லாந்து இருந்தது, எந்த தேசத்திலும் பேசாத, சினிமாவுக்காகக் கட்டிய பாஷைகூட இருந்தது, இது இல்லை. தமிழில் பேசினால் மாற்றிச் சொல்லும் ஒன்று இருந்தது. போனைக் குழாய்க்குக் காட்டினார்கள். தண்ணீர் வந்தது. சூடாகவும் இல்லை, ஆறியும் இல்லை, யாரோ வாயில் வைத்திருந்து துப்பியதுபோல் வெதுவெதுவென்று நுரைத்துக்கொண்டு வந்தது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. மாட்டுக்குத் தெரிந்தது.

சுற்றுலாக்காரர்களுக்கான சின்னப் புத்தகம் ஒன்று ஈரோட்டுப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஹோட்டல் எங்கே இருக்கிறது, எனக்கு ஜன்னலோர அறை வேண்டும், இந்தச் சூப்பில் பன்றி உண்டா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. ஹோட்டலில் உட்கார்ந்ததும் ணங்கென்று வைப்பானே, அந்த மாதிரி. கை கழுவலாம். காடு நனைக்க முடியாது.

சென்னையிலிருந்து தடித்த இலக்கணப் புத்தகம் வரவழைத்தோம். தபால்காரர் அதைத் தூக்கமுடியாமல் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். வேற்றுமை ஏழு என்று போட்டிருந்தது. யாரும் பயப்படவில்லை. நமக்கு எட்டு, அவர்களுக்கு ஒன்று குறைவு, பாவம் என்றார்கள். பிறகுதான் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் எத்தனை சட்டை மாற்றுகிறது என்று பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது, சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு செம்பு நிறைய ஒரு பகல் ஆயிற்று.

இப்படியாக ஒரு வாரம் போயிற்று. ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது? காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள் குழாயருகில் நின்று லாபஸ் ரீதஸ் என்று வணக்கம் சொன்னார்கள், தண்ணீர் வராது என்று தெரிந்தும் மரியாதைக்காகச் சொன்னார்கள். டீக்கடையில் புதுச் சொல்லை ஒளித்துவைத்துக்கொண்டு விலை பேசினார்கள். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் வரவை நாடும் என்பதற்குக் கீழே ஆச்சூ என்று நன்றி அச்சடித்தார்கள். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டபோது நடுவில் புது வினைச்சொல் ஒன்று விழ, சண்டையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூசாரி அம்மனிடம் மழை கேட்கையில் எதற்கும் இருக்கட்டும் என்று லித்துவேனியத்திலும் ஒருமுறை கேட்டுவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் வந்தான். குழாயைப் பார்க்கவில்லை. நேரே வேப்பமரத்துக்குப் போய் ஒரு குச்சியை உருவி, கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்தான். பச்சையாகப் பால் கசிந்தது.

"இன்னும் உசுரு இருக்குது," என்றான். "மூணு வாரம் அம்மிணி. அண்ணி உனக்குன்னு ஒரு ரூமு வெள்ளையடிச்சு வெச்சிருக்கறா. ஃபேன் புதுசு."

"ஃபேனு எதுக்குங்ணா, இங்க காத்து அடிக்குது," என்றாள் பாவாயி.

இந்த இடத்தில்தான் தவசியப்பன் சார் உள்ளே வந்தார். நாமக்கல் ரோட்டில் பயிற்சி மையம் வைத்திருப்பவர். வேதியியல் என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைகளை வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கவைத்தவர். எங்கள் ஜில்லாவில் படிப்பு என்றால் அதுதான்: விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, வரிசையில் உட்காரவைத்து, கேள்வியையும் பதிலையும் சேர்த்து விழுங்கவைப்பது. வேறு விதமாகவும் படிக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"புத்தகத்தத் தேடிக்கிட்டு நேரத்த வீணடிச்சுட்டீங்களே," என்றார் சார். "பேட்டர்ன் தெரிஞ்சாப் போதும். இந்தக் குழாய் இதுவரைக்கும் எந்தெந்தச் சொல்லுக்கு எவ்வளவு கொடுத்துதுன்னு சொல்லுங்க. புளூபிரிண்ட் போட்டுருவேன். சென்டம் வாங்காம விடமாட்டேன்."

மூன்று நாளில் நோட்ஸ் வந்தது. ஐந்நூறு வாக்கியம், தமிழ் எழுத்தில், மஞ்சள் அட்டையில், முக்கியமானவற்றுக்கு நட்சத்திரம் போட்டு. அர்த்தம் போடவில்லை. அர்த்தம் எதற்கு, பரீட்சையில் கேட்கமாட்டான் என்றார். வெங்கச்சிக்காடு முழுக்க நாலரைக்கு எழுந்தது. கோழிப்பண்ணை ஆட்கள், கறவைக்காரர்கள், நூல் மில்லுக்குப் போகும் பெண்கள், எல்லோரும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஐந்நூறையும் விழுங்கினார்கள். நானும் விழுங்கினேன். அறுபத்தெட்டு வயசில் மனப்பாடத்துக்கு முட்டி போடவைத்தார் அந்த ஆள். போட்டேன்.

பாவாயி போடவில்லை.

"எனக்கு ஏறாதுங் சார். நான் எட்டாவதுலயே முட்டி போட்டுப் போட்டு நின்னவ."

"உன் காட்டுக்குத்தான் தண்ணி பாவாயி!"

"அதுக்கென்னங் பண்றது."

அவளுக்கு வேறொரு புத்தகம் வந்திருந்தது. தம்பிராசு அனுப்பியது. ஒரு ஊரே உங்கள் பாஷை படிக்கிறது என்று அவன் சொன்னதும், அந்த லோடு பிரிக்கிற அம்மாள் முதலில் அவன் குடித்திருக்கிறானா என்று வாயை முகர்ந்து பார்த்திருக்கிறாள்; அப்புறம் வீட்டுக்குப் போய், தன் மகள் ஒன்றாம் வகுப்பில் படித்த படப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஆடு படம், வீடு படம், பனி படம். அந்தப் பெண்குழந்தை பசுவுக்கெல்லாம் கிரயானால் மீசை வைத்திருந்தது. பாவாயி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தாள். ஒரு குடம் வந்தது. குடித்துப் பார்த்தோம். இளநீர்.

ஆனால் அதில் இருந்தது முப்பத்திரண்டு பக்கம்தான். தீர்ந்துபோயிற்று. தீர்ந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்றால், மத்தியானத்தில் எல்லோரும் தூங்கும்போது குழாயருகில் ஒரு சட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தில் கற்ற ஒரே கேள்வியை, இது என்ன என்பதை, காஸ் சா, காஸ் சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே இருப்பவளுக்கு மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாதே. அதனால் பாவாயி சத்தம் காட்டினாள். மண்வெட்டியைக் குழாயில் தட்டிக் காஸ் சா என்றாள்; கீழிருந்து காஸ்துவாஸ் என்று வந்தது. ஆட்டைப் பிடித்துக் காதைத் திருகிக் கத்தவைத்துக் கேட்டாள். ஓஷ்கா என்று வந்தது. கூழாங்கல்லை உருட்டினாள், சேலையை உதறினாள், முறுக்கைக் கடித்தாள். ஒருநாள் தும்மினாள், கேட்காமலே நாலு சொல் வந்தது. அதைத் தனக்குச் சொன்ன ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். கீழே இருப்பவளுக்கு அவள் வைத்த பெயர் கீழ்வீட்டக்கா.

"கீழ்வீட்டக்கா வயசானவங்க," என்றாள் என்னிடம். "முட்டிவலி. பேசும்போது எந்திரிச்சா ஒரு முனகல் கேக்குது பாருங்க."

"தண்ணி வருதா?"

"சொல்லுக்கு ஒண்ணு வருது."

"அதுக்கு அங்க இருநூறு பேரு ஐந்நூறு வாக்கியம் உருப்போடறாங்க, போய்ச் சேந்துக்க."

"போங்ணா, பேசிக்கிட்டிருக்கறேன்."

மூன்றாவது சனிக்கிழமை விடியற்காலையில் சார் ஊரை வரிசையாக நிறுத்தினார். இருநூறு வாய் ஒரே சமயத்தில் ஐந்நூறு வாக்கியத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தது. அப்படி ஒரு சத்தம் நான் கம்பிரஸரில்கூடக் கேட்டதில்லை. குழாய் குமுறியது. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி விழுந்து, வரப்பை உடைத்து, மூன்று ஏக்கரையும் முழங்கால் அளவு நிரப்பிற்று. சனம் கூத்தாடியது. சாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரப்பனுக்குப் போன் போட்டுக் குச்சி நட ஆள் வேண்டும் வா என்றார்கள்.

குரல் கீழிருந்து ஒரு கேள்வி கேட்டது. சார் நோட்ஸைப் புரட்டினார். அதில் இல்லை. "அவுட் ஆஃப் போர்ஷன்," என்று சொல்லிவிட்டார். குரல் மறுபடியும் கேட்டது. இருநூறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தாங்கள் காலையில் கத்தியது என்னவென்றே தெரியாதவர்களுக்குப் பதில் எங்கிருந்து வரும்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பரீட்சை முடிந்த மறுநாள் மண்டையிலிருந்து பாடம் போகுமே, அந்த மாதிரியே, தண்ணீர் போயிற்று. காடு உலர்ந்து வெடித்தது. நிரப்பிவைத்த தொட்டி, அண்டா, சிமெண்டுத் தொட்டி, எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி காலி. தோசைக்கு ஊறவைத்த அரிசிகூட ஊறாத அரிசியாகிக் கிடந்தது. முத்தாயம்மாள் வாசலில் நின்று சாரை ருபூஷே என்றாள். இந்தத் தடவை விளையாட்டுக்கு இல்லை.

பாவாயி வீட்டில் மட்டும் ஒன்பது குடம் அப்படியே இருந்தது. அவள் தப்பும் தவறுமாகச் சொந்தமாய்ப் பேசி வாங்கிய குடங்கள். சார் வந்து ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, "இதுக்கு நோட்ஸ் போட முடியாதே," என்றார். நியாயமான மனுஷன்தான்.

ஆனால் ஒன்பது குடத்தில் காடு நனையாது. மறுநாள் ஞாயிறு. மாரப்பன் மினி லாரியோடு வந்துவிட்டான். நடவுக்கு என்று கிளம்பியவன், வந்து வெடித்த மண்ணைப் பார்த்தான், வேப்பமரத்துக்குப் போய்க் குச்சியைச் சுரண்டினான். பச்சை நூல் மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது," என்றான். "வாக்கு வாக்குதான் அம்மிணி. நான் சந்தோசமாவா கூப்புடறேன்? இந்த வெயில்ல நீ தனியாக் கெடக்கறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கலடி."

பாவாயி வாக்குக் கொடுத்தவள். தானே கட்டிலைத் தூக்கிக் கொடுத்தாள். கிரைண்டர் ஏறியது. மொபெட் ஏறியது. துணி மூட்டை, தட்டுமுட்டு, கோழிக்கூண்டு கோழியோடு ஏறியது. ஊர் வந்து நின்று பார்த்தது. நானும் நின்றேன். என் துளை. நாற்பது வருஷத்தில் ஒரு துளைக்காக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

"கீழ்வீட்டக்காகிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்," என்றாள். "சொல்லாமப் போறது நல்லால்ல."

"சீக்கிரம் வா. லாரி காத்துக்கிட்டிருக்குது," என்றான் மாரப்பன்.

அவள் சட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அவள் வாய் திறக்கும் முன்னாலேயே குரல் கேட்டது. கட்டில் இழுத்ததும் கோழி கத்தியதும் கேட்டிருக்கும் போலிருக்கிறது. எங்கே போகிறாய் என்று கேட்டது. அது எனக்கே புரிந்தது.

பாவாயி சொல்ல ஆரம்பித்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதி அது. அண்ணனுக்கு பிரோலிஸ் என்றாள், கட்டிலுக்கு லோவா என்றாள், புது ஃபேனுக்குச் சொல் கிடைக்காமல் உஸ் உஸ் என்று காற்று ஊதிக் காட்டினாள். மரவள்ளிக்கு அவர்களிடம் சொல் இருக்கிறதோ இல்லையோ, மண்ணுக்குள் மனுஷக் கைமாதிரி நீளமாக வளர்கிற உருளைக்கிழங்கு என்று சொல்லிப் பார்த்தாள், கீழே சந்தேகமாக ஒரு சத்தம் வந்தது, உருளைக்கிழங்குக்கு அத்தை என்று திருத்தினாள், கீழே சிரிப்பு வந்தது. நடவேண்டும், ஈரம் இல்லை, வாக்குக் கொடுத்தேன், அங்கே போனால் எனக்கு வேலை இல்லை, சோறு மட்டும் இருக்கிறது என்று நாலைந்து சொல்லை இடித்துச் சேர்த்துக் கோணல்மாணலாகச் சொன்னாள். கீழே இருப்பவள் திருத்தவில்லை. ம், ம் என்று கேட்டாள். அந்த ம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. பிறகு கீழ்வீட்டக்கா ஆரம்பித்தாள்; பாவாயி பின்னால் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும். அவளுக்கும் ஒரு தம்பி. அவனும் வரச்சொல்கிறான். பட்டணத்தில் மூன்றாவது மாடி. அவளும் போகமாட்டாள். ஏன் போகவேண்டும்? அவளுக்கு உருளைக்கிழங்கு இருக்கிறது. அதைத் துருவி, வெங்காயம் போட்டு, அடுப்பில் வைத்து...

"தேங்கா போடமாட்டீங்களா?" என்று பாவாயி குறுக்கே விழுந்தாள். தேங்காய்க்குச் சொல் தெரியாமல், கோயிலுக்கு வாங்கிவைத்திருந்த தேங்காயைக் குழாய் விளிம்பில் உடைத்துக் காட்டினாள்.

அப்போது தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது.

எழும்பவில்லை, குமுறவில்லை. பால் பொங்குவதுபோல் விளிம்பு வழிந்து, சட்டியைச் சுற்றி, அவள் கணுக்காலை மூடி, வாய்க்காலில் இறங்கி, வெடித்த மண்ணின் ஒவ்வொரு வாயிலும் ஊறி, அங்கிருந்து அடுத்த பாத்திக்குப் போயிற்று. சூடும் இல்லை, குளிரும் இல்லை, எந்த வாடையும் இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. மாரப்பன்தான் கத்தினான்.

"அம்மிணி! தண்ணி! ஏய், பாவாயி, தண்ணிடி!"

"இருங்ணா, பேசிக்கிட்டிருக்கறேன்ல," என்றாள், திரும்பாமல்.

மாரப்பன் நேற்றைய கதையைக் கேட்டிருந்தான். "சாயங்காலம் வடிஞ்சிரும்," என்றான். "அஞ்சு மணி வரைக்கும் பாப்போம்." பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. நாற்காலிக் கால் நாலும் சேற்றில் இறங்கின. மினி லாரி, கட்டிலும் கோழியும் ஏறிய நிலையில், பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துபோயிற்று. டிரைவர் இறங்கி, தலையைச் சொறிந்து, கோழிகளை மட்டும் இறக்கிவிட்டான். மாரப்பன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவன் சிரித்தான். சின்னப்பிள்ளை மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அப்புறம் ஊரே சிரித்தது, தவசியப்பன் சார்கூட.

மறுநாள் காலையில் காடு பதமாக இருந்தது. ஈரம் நின்றிருந்தது. பாவாயி மறுபடியும் குழாயருகில் உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டக்கா நேற்று அடுப்பில் வைத்தது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வேறு வேலை பார்க்க முடியாதாம். குச்சி காத்திருக்காது. அதனால் ஊர் இறங்கியது. நான் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன், முத்தாயம்மாள் தூக்கிக் கொடுத்தாள், சார் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இடைவெளி அளந்தார், மாரப்பன் வெறுங்காலோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நட்டான். அவனுக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. வரிசை கோணிக்கொண்டே போய் பக்கத்துப் பாத்தியில் ஏறியது.

பாவாயி பேச்சை நிறுத்தாமலே தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். பிடித்தாள் பாருங்கள் அண்ணனை. கையை நீட்டி, பல்லைக் கடித்து, நட்ட வரிசை முழுவதையும் பிடுங்கவைத்தாள். அவன் மறு பேச்சுப் பேசாமல் பிடுங்கி நேராக நட்டான். எந்தப் பாஷையில் திட்டினாள் என்று எங்களில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.